சாலரிக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒரு இங்கிலீஷ் வார்த்தையோட பூர்வீகத்தை நீங்களே தேடிப் பாக்குறது எப்படி

மாசம் பொறந்தா போதும், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் இதை ஃபார்வர்டு பண்ணிடுவாங்க. ரோமாபுரியில சிப்பாய்ங்களுக்கு உப்பைத்தான் கூலியா குடுத்தாங்களாம், லத்தீன்ல உப்புக்கு ஸால்னு பேராம், அதுல இருந்துதான் சாலரி வந்துச்சாம், நம்ம ஊர்ல சம்பா நெல்லும் அளத்து உப்பும் குடுத்தாங்களாம், அதான் சம்பளமாம். கீழ நாலு கைகூப்பு எமோஜி. நானும் இதை ரொம்ப வருஷம் அப்படியே நம்பிட்டு இருந்தவன்தான். புதுசா வேலைக்கு சேர்ற பசங்களுக்கு பே-ஸ்லிப் எப்படி படிக்கிறதுன்னு சொல்லிக்குடுக்குறப்ப ஆரம்பத்துலயே இந்தக் கதையை எடுத்து விடுவேன், கிளாஸ் கலகலன்னு ஆயிடும். ஒரு நாள் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, "சார், மாசத்துக்கு எத்தனை கிலோ உப்பு சார் குடுத்தாங்க?"ன்னு கேட்டுச்சு. முழிச்சேன் பாருங்க. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவன்தான், இன்னும் அந்தப் பழக்கம் போகலை.

லத்தீன் தெரிஞ்சாதான் இதெல்லாம் பண்ண முடியும்னு நினைக்காதீங்க, எனக்கும் லத்தீன் தெரியாது. ஒரு போன், நெட், குறிச்சுக்க ஒரு நோட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருந்தா போதும். சாலரியையே வெச்சு நான் போன வழியில உங்களையும் கூட்டிட்டுப் போறேன், அப்புறம் நீங்க வேற எந்த வார்த்தைக்கும் இதையே பண்ணலாம்.

ஸ்டெப் 1: கதையைப் பீஸ் பீஸா பிரிச்சுப் போடுங்க

இதைத்தான் நிறைய பேர் செய்யறதில்ல. சாலரி கதை ஒரே கதை மாதிரி தெரியுது, ஆனா உள்ள மூணு விஷயம் ஒளிஞ்சுட்டு இருக்கு. ஒண்ணு, இங்கிலீஷ் சாலரி லத்தீன் வார்த்தையில இருந்து வந்துச்சுங்கிறது. ரெண்டு, அந்த லத்தீன் வார்த்தை உப்புங்கிற வார்த்தையில இருந்து உண்டாச்சுங்கிறது. மூணு, சிப்பாய்க்கு உப்பைக் கூலியா குடுத்தாங்கங்கிறது. முதல் ரெண்டும் வார்த்தையைப் பத்தினது, டிக்‌ஷனரி பதில் சொல்லும். மூணாவது சரித்திரம், அதுக்கு டிக்‌ஷனரியை மட்டும் நம்பக் கூடாது. இந்த மூணையும் நோட்டுல தனித்தனி வரியா எழுதி பக்கத்துல காலி இடம் விட்டுடுங்க, கடைசியில ரொப்பிக்கலாம். முதல் ரெண்டு உண்மைன்னு தெரிஞ்ச உடனே மூணாவதும் தானா உண்மைன்னு மனசு முடிவு பண்ணிடும், அங்கதான் எல்லாரும் வழுக்குறோம்.

நமக்கு இன்னும் ஈசியா வழுக்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு கேட்டு வளர்ந்த ஆளுங்க, யாருக்காவது ரோஷம் வரலைன்னா சோத்துல உப்பு போட்டுத்தான் சாப்பிடறியான்னு கேக்குற ஆளுங்க, உப்புதான் கூலின்னு சொன்னா சட்டுனு தலையை ஆட்டிடுவோம்ல.

ஸ்டெப் 2: டிக்‌ஷனரியில பொருளைத் தாண்டி கீழ போங்க

நெட்ல ஃப்ரீயா கிடைக்கிறதுல முதல்ல பாக்க வேண்டியது எட்டிமாலஜி ஆன்லைன், டக்ளஸ் ஹார்ப்பர்னு ஒருத்தர் உக்காந்து சேத்தது, புதுசா வர்றவங்களுக்கு இதை விட எளிமையா ஒண்ணும் இல்ல. அடுத்து மெரியம் வெப்ஸ்டர் சைட், அதுல வார்த்தை இங்கிலீஷ்ல முதல்ல எழுத்துல வந்தது எப்போன்னு ஒரு வரி இருக்கும். விக்‌ஷனரி பல பாஷைக்கு உதவும், ஆனா யாரு வேணா எடிட் பண்ணலாம், அதனால அதை வழி கேக்குறதுக்கு வெச்சுக்கோங்க, தீர்ப்பு கேக்காதீங்க. எல்லாத்துக்கும் பெரியண்ணன் ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் டிக்‌ஷனரி. முதல் பகுதி 1884ல வந்து முழுசா முடிய 1928 ஆச்சு, ஒவ்வொரு அர்த்தத்துக்கும் எந்த வருஷம் யார் எழுதுனதுல இருக்குன்னு வரியோட காட்டும். ஆனா காசு கட்டணும், காலேஜ் லைப்ரரி லாகின் இருக்குற சொந்தக்காரப் பையன் யாராவது மாட்டுனா புடிச்சுக்கோங்க.

எந்த டிக்‌ஷனரியா இருந்தாலும் பூர்வீகம் பகுதி ஒரு சங்கிலி மாதிரி இருக்கும், புதுசுல இருந்து பழசுக்குப் போகும். சாலரிக்கு அந்தச் சங்கிலி இப்படி: மிடில் இங்கிலீஷ்ல, அதாவது நடுக்கால இங்கிலீஷ்ல சலாரி, அதுக்கு முன்னாடி ஃப்ரான்ஸ் பக்கம் இருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட நார்மன் ஆளுங்க பேசுன ஃப்ரெஞ்சுல கிட்டத்தட்ட அதே ரூபம், அதுக்கு முன்னாடி லத்தீன்ல ஸலாரியம், அதுக்கும் அடியில ஸால். எழுதி வெச்சுக்கோங்க.

சங்கிலி படிக்கிறப்ப ரெண்டு குறி பாருங்க. வார்த்தைக்கு முன்னாடி குட்டி நட்சத்திரம் போட்டிருந்தா, அந்த ரூபம் எந்த ஏட்டுலயும் கல்லுலயும் கிடைச்சது இல்ல, சொந்தக்கார பாஷைங்களை ஒப்பிட்டுப் பாத்து அறிஞர்கள் கணக்குப் போட்டு எடுத்ததுன்னு அர்த்தம். இன்னொண்ணு, "ஒருவேளை", "இருக்கலாம்", "என்று சொல்லப்படுகிறது" மாதிரியான வார்த்தைங்க. அதைத் தாண்டி குதிச்சுடாதீங்க, டிக்‌ஷனரி எழுதுனவர் கை நடுங்குன இடம் அது. ஃபார்வர்டு மெசேஜ்ல முதல்ல காணாமப் போறதும் அந்த ஒருவேளைதான்.

ஸ்டெப் 3: எந்த வாசல் வழியா உள்ள வந்துச்சு

இங்கிலீஷ்ல லத்தீன் ஒரே நாள்ல வந்து இறங்கலை. ஸ்ட்ரீட்ங்கிறது லத்தீன் ஸ்ட்ராட்டால இருந்து ரொம்ப முன்னாடியே வந்து சொந்த வார்த்தை மாதிரியே ஆயிடுச்சு. 1066ல நார்மன் ஆளுங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு கோர்ட்டு, வரி, கணக்குவழக்கு வார்த்தைங்க ஃப்ரெஞ்சு வழியா கொத்துக்கொத்தா வந்துச்சு. அதுக்கும் பின்னாடி படிச்சவங்க புத்தகத்துல இருந்து நேரா லத்தீனை அள்ளிப் போட்டாங்க. சாலரி ரெண்டாவது வாசல், 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷ் எழுத்துல புழங்க ஆரம்பிச்சிடுச்சு. அப்போ ரோம் சாம்ராஜ்யம் மேக்குல விழுந்து 800 வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு, இதை மனசுல வையுங்க, ஏன்னா சாலரின்னு சொன்ன இங்கிலீஷ்காரன் யாரும் உப்பை நினைச்சுச் சொல்லலை, ஃப்ரெஞ்சுக்காரன் சொன்னதைச் சொன்னான், அவ்ளோதான்.

ஸ்டெப் 4: வாலைப் பிடிங்க

ஸலாரியம்ங்கிறதை ஸால் ப்ளஸ் வால்னு பிரிக்கலாம். இந்த ஆரியம்ங்கிற வால் லத்தீன்ல "இது சம்பந்தப்பட்டது", "இதுக்கான இடம்" மாதிரி அர்த்தத்துல வரும். அக்வேரியம் தெரியும்ல, அக்வான்னா தண்ணி. இன்னொண்ணு சொல்றேன், உங்க வீட்டுலயே இருக்கு: அலமாரி! லத்தீன்ல அர்மாரியம், அதாவது ஆயுதம், சாமான் செட்டு வைக்கிற பெட்டகம், அது போர்ச்சுகீஸ்ல அர்மாரியோ ஆகி, போர்ச்சுகீஸ்காரன் கப்பல்ல நம்ம கரைக்கு வந்து அலமாரி ஆயிடுச்சு. ஆக சாலரியோட வாலும் அலமாரியோட வாலும் ஒரே வால். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு வீட்டுல அலமாரியைத் தொறந்து மூடித் தொறந்து மூடிட்டே இருந்தேன், பைத்தியம்னு நினைச்சுட்டாங்க.

சரி, வால் என்ன சொல்லுதுன்னா ஸலாரியம்னா "உப்பு சம்பந்தப்பட்ட ஒண்ணு", அவ்வளவுதான். உப்பு குடுத்தாங்களா, உப்பு வாங்க காசு குடுத்தாங்களா, உப்பு வித்த வருமானத்துல இருந்து குடுத்தாங்களா, எதையும் வால் சொல்லாது. வார்த்தையைப் பிரிச்சுட்டா கதை வெளிய வந்து விழுந்துடும்னு நினைக்கிறவங்க இங்க கொஞ்சம் நின்னு மூச்சு விடணும்.

ஸ்டெப் 5: பழைய எழுத்தையே போய்ப் பாருங்க

இதுதான் கொஞ்சம் வேலை வாங்குற ஸ்டெப், ஆனா சுவாரசியமே இங்கதான். அமெரிக்காவுல டஃப்ட்ஸ் யூனிவர்சிட்டி நடத்துற பெர்சியஸ்னு ஒரு டிஜிட்டல் லைப்ரரி இருக்கு, கிரேக்க லத்தீன் நூல்களும் பலதுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் ஃப்ரீயா இருக்கு, லத்தீன் டிக்‌ஷனரியும் கூடவே. ஸலாரியம்னு இங்கிலீஷ் எழுத்துல போட்டுத் தேடுனா லூயிஸ், ஷார்ட்னு ரெண்டு பேர் 1879ல கொண்டுவந்த பெரிய லத்தீன் டிக்‌ஷனரி திறக்கும். அதுல முதல் அர்த்தமே "சிப்பாய்களுக்கு உப்புக்காகக் குடுத்த பணம்", அப்புறம்தான் படிக்காசு, சம்பளம். பாத்தீங்களா, அங்கயே உப்புக்குப் பணம்னுதான் இருக்கு, உப்பேன்னு இல்ல. ஃபார்வர்டுல பணம் கரைஞ்சு போய் உப்பு மட்டும் நிக்குது.

டிக்‌ஷனரி எந்தப் பழைய நூலைக் காட்டுதுன்னு பாத்து அங்க போங்க. உப்பு விஷயத்துல எல்லாரும் போய் நிக்கிற இடம் மூத்த பிளினி. கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்துப்போனாரே, அவர்தான். இயற்கை வரலாறுன்னு 37 பாகம் எழுதி வெச்சிருக்கார், அதுல 31ஆவது பாகத்துல உப்பைப் பத்தி நீளமா பேசுறார். அங்க அவர் சொல்றது, என் வார்த்தையில: பதவி மரியாதையிலயும் படை வேலையிலயும் கூட உப்போட பேர் வந்து கலந்திருக்கு, ஸலாரியம்ங்கிற பேர் அதுல இருந்து வந்ததுதான். கூடவே ரோம்ல இருந்து போற ஸலாரியா ரோட்டையும் இழுக்குறார், ஸபைன் ஜனங்களுக்கு அந்த வழியாத்தான் உப்பு போகும், அதனால அந்தப் பேருன்னு. அந்த ரோடு ரோம்ல இருந்து கிழக்கால ஏட்ரியாட்டிக் கடல் வரைக்கும் போகுது, இன்னிக்கும் இத்தாலியில அதே பேர்தான்.

அவ்ளோதான் இருக்கு, ஒரு வரி. உப்பைக் கூலியா அளந்து போட்டாங்கன்னு அவர் சொல்லலை. பிளினி ஜெர்மனி பக்கம் குதிரைப்படையில அதிகாரியா இருந்தவர், படையில என்ன குடுத்தாங்கன்னு நேர்ல பாத்த ஆளு, அப்படி ஒரு வழக்கம் இருந்திருந்தா உப்பைப் பத்தியே பக்கம் பக்கமா எழுதுன மனுஷன் அதை விட்டிருப்பாரா? பிளினி மட்டும் இல்ல, சிப்பாய்க்கு உப்புதான் கூலின்னு சொல்ற பழைய ரோமானிய எழுத்து ஒண்ணு கூட கையில இல்ல. அப்போ உப்புக்குப் பணம்னு 1879 டிக்‌ஷனரி சொன்னது? பேரை வெச்சு ஊகிச்சது, தப்பா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா ஊகம்.

ஸ்டெப் 6: எதிர்ப்பக்கம் போய்க் கேளுங்க

உப்பு குடுக்கலைன்னா வேற என்ன குடுத்தாங்க? இந்தக் கேள்வியைக் கேக்க நிறைய பேருக்குத் தோணறதே இல்ல. ரோம் சிப்பாயோட சம்பளத்துக்குத் தனி வார்த்தையே இருக்கு, ஸ்டிபெண்டியம். டாக்டர் பசங்க ஹவுஸ் சர்ஜன்ல வாங்குற ஸ்டைபண்ட் அதேதான். ஸ்டிப்ஸ்னா சில்லறைக் காசு, பெண்டெரேன்னா நிறுத்துக் குடுக்குறது. பேர்லயே காசு இருக்கு. படைக்குச் சம்பளம் குடுக்க ஆரம்பிச்சது கி.மு. 406லன்னு ரோம் சரித்திரம் எழுதுன லிவி எழுதி வெச்சிருக்கார். முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல சாதாரண சிப்பாய்க்கு வருஷத்துக்கு 225 டெனாரியஸ் வெள்ளிக்காசு, மூணு தவணையா. பின்னாடி டொமிஷியன்னு ஒரு பேரரசர் அதை 300 ஆக்குனார். அதுலயே சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் புடிச்சுக்குவாங்க, கையில வர்றது கம்மி. பே-ஸ்லிப்ல டிடக்‌ஷன்ஸ் கட்டம் பாத்து நொந்து போறவங்களுக்கு ஒரு ஆறுதல், நீங்க 2000 வருஷப் பாரம்பரியத்துல இருக்கீங்க.

உப்பு அந்தக் காலத்துல தங்கம் மாதிரின்னு ஒரு பேச்சு கூடவே வரும். அதையும் தட்டிப் பாக்கலாம். கி.மு. 204ல சென்சார்ங்கிற பதவியில, அதாவது ஜனக்கணக்கும் அரசாங்க வருமானமும் பாக்குற பதவியில இருந்தப்ப உப்பு விலையில கை வெச்சு, ஸலினேட்டர், அதாவது உப்புக்காரன்னு பட்டப்பேர் வாங்குன ஒருத்தர் இருந்தார், மார்கஸ் லிவியஸ். அந்தக் கதையைச் சொல்றப்ப லிவி, ரோம்லயும் இத்தாலி முழுக்கவும் உப்பு ஒரு அஸ் காசுல ஆறுல ஒரு பங்குக்கு வித்துச்சுன்னு சொல்றார். அஸ்ங்கிறது வெண்கலக் காசு. வெண்கலக் காசுல ஆறுல ஒரு பங்குக்கு விக்கிற பொருளை எந்தத் தங்கத்தோட சேக்குறது.

சரி, ஸலாரியம்னு அவங்க எதைச் சொன்னாங்க? ரோமானிய சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் தன் மாமனார், ரோம் தளபதி அக்ரிகோலாவைப் பத்தி எழுதுனதுல ஒரு இடம் வரும். மாகாண கவர்னருக்கு வழக்கமா குடுக்குற ஸலாரியத்தை டொமிஷியன் அக்ரிகோலாவுக்குக் குடுக்கலைன்னு மருமகன் குமுறுறார். அதாவது பெரிய பதவிக்காரங்க வாங்குற படித்தொகை. முட்டிக்கு மேல டூனிக் போட்டுட்டு கையில உப்புப் பொட்டலத்தோட நிக்கிற சிப்பாய் அங்க எங்கயும் காணோம்.

ஸ்டெப் 7: சொந்தக்காரங்க யாரு, சும்மா ஒட்டிக்கிட்டவங்க யாரு

ஒரு வேர் புடிச்சா அதோட குடும்பத்தையும் பாத்துடுங்க, தப்பு நடந்திருந்தா அங்க மாட்டும். ஸால்ல இருந்து உண்மையிலயே வந்தவங்க நிறைய: சாலட், உப்புப் போட்ட கீரைங்கிற அர்த்தத்துல இருந்து. சாஸ், சாஸேஜ், சலாமி எல்லாம் அதே வீடு. சால்ட்? கேக்க அப்படியே ஸால் மாதிரி இருக்கு, ஆனா அது லத்தீன்ல இருந்து வரலை, ஜெர்மானிய வழியில இங்கிலீஷுக்கு சொந்தமா வந்தது. ரெண்டுக்கும் பாட்டி ஒண்ணு, சால்ட் ஸாலுக்குப் புள்ள இல்ல, பெரியப்பா பொண்ணு மாதிரி. கிரேக்கத்துல அதே பாட்டியோட இன்னொரு பேரன் ஹால்ஸ், கெமிஸ்ட்ரியில ஹாலஜன்னு படிச்சோமே அங்க இருக்கார்.

ஒட்டிக்கிட்டவங்க: விக்கிற சேல் வைக்கிங்ஸ் பேசுன பழைய நார்ஸ் பாஷையில இருந்து வந்தது, சல்யூட் லத்தீன்தான் ஆனா நலம், ஆரோக்கியம்ங்கிற வேற வேர். எழுத்து ஒண்ணா இருக்குங்கிறதுக்காக இனிஷியல் ஒண்ணுன்னு சொந்தம் கொண்டாடக் கூடாது.

சோல்ஜருக்கு ஒரு ஸ்பெஷல் மென்ஷன். உப்பு குடுக்கப்பட்டவன், அதான் சோல்ஜர்னு ஒரு எக்ஸ்ட்ரா ஃபார்வர்டு சுத்துது. கிடையாது. அது ஸாலிடஸ்ங்கிற தங்கக் காசுல இருந்து ஃப்ரெஞ்சு வழியா வந்தது, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த காசு, ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்துக்கு 72 காசு, ஒண்ணு சுமார் நாலரை கிராம். காசு, அப்புறம் கூலி, அப்புறம் கூலிக்குச் சண்டை போடறவன்னு அர்த்தம் நகர்ந்து வந்துச்சு. சாலிட்ங்கிற வார்த்தையும் அந்தக் காசோட கூடப்பொறந்ததுதான்.

ஸ்டெப் 8: இப்ப இதே ஸ்கேலை நம்ம சம்பளத்து மேல வையுங்க

இங்க கொஞ்சம் பேர் கோவிச்சுக்குவாங்க, பரவாயில்ல. சம்பா ப்ளஸ் அளம், அதான் சம்பளம்ங்கிறதை ஸ்டெப் 1 மாதிரி பிரிங்க. வார்த்தை ஒரு பக்கம், கூலி எப்படி குடுத்தாங்கங்கிறது இன்னொரு பக்கம்.

வார்த்தைப் பக்கம் எனக்கு இடிக்குது. மா, இலை சேந்தா மாவிலை. நடுவுல வ் வரும், பள்ளிக்கூடத்துல உடம்படுமெய்னு படிச்சோம். அப்படின்னா சம்பாவும் அளமும் சேந்தா சம்பாவளம்தானே வரணும்? அது போக அளம்னா உப்பு விளையுற பாத்தி. உப்பு குடுத்தாங்கன்னா உப்புன்னு சொல்லுவாங்களா, பாத்தின்னு சொல்லுவாங்களா? இன்னொரு பெரிய விஷயம், கன்னடத்துல சம்பள, மலையாளத்துல சம்பளத்தோட சகோதர ரூபம், தெலுங்குலயும் இருக்கு. சமஸ்கிருதத்துல சம்பலன்னா வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போற சாப்பாடு. ஒரு வார்த்தை இத்தனை வீட்டுல இருக்குறப்ப நம்ம வீட்டு வாசல்ல மட்டும் வெச்சு அறுத்துப் பாத்து முடிவு சொல்லக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல இருந்து 1936 வரைக்கும் கொண்டுவந்த தமிழ் லெக்சிகன் சிகாகோ யூனிவர்சிட்டி சைட்ல ஃப்ரீயா இருக்கு, பர்ரோ, எமனோ ரெண்டு பேர் சேத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் அங்கயே இருக்கு, எந்தத் தமிழ் வார்த்தைக்கும் அங்க போங்க.

சரித்திரப் பக்கம் போனா நிலைமை தலைகீழ். நம்ம ஊர்ல நெல்லு கூலியா போனதுக்கு கல்லுலயே ஆதாரம் இருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடிப் பாடுற பெண்கள், 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லுன்னு ராஜராஜன் வெட்டி வெச்சிருக்கார். உமணர், அதாவது உப்பு வியாபாரிங்க, உப்பைக் கொண்டுபோய் நெல்லுக்கு மாத்துறது சங்கப் பாட்டுலயே வருது. ஆக சாலரியில வார்த்தை சரி, கதைக்கு ஆதாரம் இல்ல. சம்பளத்துல கதைக்கு ஆதாரம் இருக்கு, வார்த்தைதான் உதைக்குது. ரெண்டையும் ஒரே மெசேஜ்ல போட்டு கைகூப்பிட்டாங்க.

ஸ்டெப் 9: நோட்டுல காலி இடத்தை ரொப்புங்க

சாலரி லத்தீன் ஸலாரியத்துல இருந்து: உறுதி. ஸலாரியம் ஸால்ல இருந்து: பிளினியே சொல்றார், வாலும் பொருந்துது, உறுதின்னே எழுதலாம். சிப்பாய்க்கு உப்பு கூலி: ஆதாரம் இல்ல. உப்பு வாங்க பணம்: ஊகம். ஒவ்வொண்ணுக்கும் எங்க பாத்தோம்னு ஒரு வரி பக்கத்துல, இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு நீங்களே உங்களை நம்ப மாட்டீங்க.

குரூப்ல யாராவது மறுபடி ஃபார்வர்டு பண்ணுனா நீளமா க்ளாஸ் எடுக்காதீங்க, நான் எடுத்து ஒரு பெரியப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். "உப்புக்கும் பேருக்கும் சம்பந்தம் உண்டு பெரியப்பா, ஆனா அவங்க காசுதான் வாங்குனாங்க, 225 வெள்ளி"ன்னு ஒரு வரி போட்டா போதும், கணக்கு சொன்னா அவங்களுக்கும் புடிக்கும்.

தனியா பழகிப் பாக்கணும்னா கேஷ்ங்கிற வார்த்தையை எடுத்துக்கோங்க. அது நம்ம காசுல இருந்துதான் வந்துச்சுன்னு இன்னொரு ஃபார்வர்டு இருக்கு. டிக்‌ஷனரியில தேடுனா ஒண்ணுக்கு ரெண்டா கேஷ் இருக்கும், அசந்துடாதீங்க. கடையில கேஷா கார்டான்னு கேக்குறாங்களே, அந்தக் கேஷ் ஃப்ரெஞ்சு, இத்தாலியன் வழியா லத்தீன் காப்ஸாவுல இருந்து வந்தது, காப்ஸான்னா பெட்டி. இன்னொரு கேஷ், இந்தியாவுலயும் சீனாவுலயும் வெள்ளைக்காரன் பாத்த சின்னச் சில்லறை நாணயத்துக்குப் பேர், அது போர்ச்சுகீஸ் வழியா போன நம்ம காசேதான். ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, ஒருத்தர் ரோம்ல இருந்து பெட்டியோட வந்தார், இன்னொருத்தர் நம்ம கரையில இருந்து சுருக்குப்பையோட கப்பலேறுனார். யாரு எந்த வழியில எப்போ போய்ச் சேந்தாங்கன்னு அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க புடிங்க.